பிரஷில் இருப்பது எந்த உயிரின் முடி?

நீங்கள் கேட்டது இது: உங்கள் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், அங்கே ‘சேபிள் ஹேர்’ பிரஷ் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் சைவம். விலங்கு முடியில் செய்த பிரஷை வாங்கலாமா, அது பாவமா, இல்லை செம்மறியாட்டுக்குக் கத்தரிப்பதுபோல முடியை மட்டும்தான் எடுக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. அந்த முடிக்காக ஓர் உயிர் போகிறதா? போகிறது என்றால் வாங்குகிறவருக்கு அதில் பங்கு உண்டா? அது இல்லாமலே பிள்ளை நன்றாக வரையக் கற்றுக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது: முடியும். மற்ற இரண்டுக்கும் பதில், எந்த விலங்கின் முடி என்பதைப் பொறுத்து மாறும்.

நான் தக்கலைப் பக்கத்தவன். நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பிரஷ் பிடித்துப் பிழைக்கிறேன். முதலில் கடைகளுக்குப் போர்டு எழுதினேன். அப்புறம் கோயில் சுதை உருவங்களுக்கும் தேவாலயச் சுரூபங்களுக்கும் வண்ணம் தீட்டினேன். இப்போது சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். விலங்கியல் படித்ததில்லை, வக்கீலும் இல்லை. நான் மீன் சாப்பிடுகிறவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் மனம் ஒப்பாத ஒன்று எனக்கு ஒப்பலாம், அதனால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நான் தரும் விவரத்தை வைத்து நீங்களே பாருங்கள்.

முடியை மட்டும் கத்தரித்து எடுக்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. குதிரை வால் முடியையும் கன்றின் காது முடியையும் உயிரோடு நிற்கும் விலங்கிடமிருந்து கத்தரிக்கலாம். ஆனால் கடைக்கு வரும் விலங்கு முடி பிரஷ்களில் பெரும்பாலானவற்றுக்கு முடி, கொன்ற விலங்கின் தோலிலிருந்துதான் வருகிறது. பிரஷ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் அந்த முடிக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பது புரியும். நல்ல ரவுண்ட் பிரஷின் நுனியை யாரும் கத்தரித்துக் கூராக்குவதில்லை. முடி முளைத்தபோதே இயற்கையாக அமைந்த மெல்லிய நுனிதான் பிரஷின் நுனி. பிரஷ் கட்டுகிறவர் ஒரு சிறு கிண்ணம் போன்ற அச்சில் முடிகளை நுனி கீழே வரும்படி போட்டு, தட்டித் தட்டிச் சமப்படுத்தி, நூலால் கட்டி, உலோகக் குழாய்க்குள் இழுத்துச் செருகுவார். வெட்டிக் களைவது அடிப்பக்கத்தை மட்டும். முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவற்றால் பிரஷ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். ஒருமுறை தொட்டால் நீண்ட கோடு இழுக்கலாம். இந்த இரண்டு குணத்துக்காகத்தான் காட்டு விலங்கைத் தேடிப் போனார்கள்.

இனி வகைவகையாகச் சொல்கிறேன். வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் பெயின்ட் அடிக்கும் ‘பிரிசில்’ பிரஷ், ஆயில் பெயின்டிங்குக்கு விற்கும் ‘ஹாக் ஹேர்’, இரண்டும் பன்றி முடி. சீனத்துப் பன்றி முடிக்கு உலகச் சந்தையில் பெரிய பெயர் உண்டு. நுனி இயற்கையாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும், அதனால் கெட்டியான வண்ணத்தை நன்றாகத் தாங்கும். திருவிதாங்கோட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, “சாரே, இது பன்றி முடியா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நைலான் பிரஷ் வாங்கிவந்து வேலையை முடித்தேன். அதுவரை நானாக அதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ‘கேமல் ஹேர்’ என்று எழுதியிருந்தால் அதில் ஒட்டகம் கிடையாது. அணில், ஆடு, மாடு, மட்டக்குதிரை என எது மலிவாகக் கிடைத்ததோ அந்த முடி இருக்கும். ‘ஸ்குவிரல்’ என்றால் அணில் வால் முடி. ராஜஸ்தான் சிற்றோவியக்காரர்கள் பரம்பரையாகப் பயன்படுத்தியது அது. வெளிநாட்டிலிருந்து வரும் பிரஷ்களில் இருப்பது நம் ஊர் மூன்றுகோட்டு அணில் இல்லை, ரஷ்யப் பக்கத்துக் காட்டு அணில். தோல் வியாபாரத்துக்காகக் கொன்றதில் மிஞ்சும் வால்.

உங்களிடம் கேட்டிருக்கும் சேபிளுக்கு வருகிறேன். வாட்டர்கலர்காரர்கள் உயர்வாகச் சொல்லும் ‘கோலின்ஸ்கி சேபிள்’ என்பது பெயருக்குத்தான் சேபிள். உண்மையில் அது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. பார்க்கக் கீரி போல நீண்டு மெலிந்திருக்கும், சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வாழ்வது. குளிர்காலத்தில் ஆண் விலங்கின் வாலில் வளரும் முடிக்குத்தான் விலை. அதைப் பண்ணையில் வளர்த்தெடுப்பது கடினம், பொறிவைத்துத்தான் பிடிக்கிறார்கள். 1866-இல் விக்டோரியா மகாராணிக்காக இங்கிலாந்தின் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி ஏழாம் நம்பர் கோலின்ஸ்கி பிரஷ் செய்துகொடுத்தது. அதன் வழிவந்த வரிசை இன்றும் விற்கிறது. இதே இனம் இமயமலையிலும் உண்டு என்பதால், காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இந்தியா இதைச் சேர்த்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்கா, அந்த உடன்படிக்கைப்படி இருக்க வேண்டிய ஆவணங்கள் சரியில்லை என்று கோலின்ஸ்கி பிரஷ்களைத் துறைமுகத்திலேயே நிறுத்தியபோது ஓவியர்களிடையே பெரிய பேச்சாக இருந்தது. ஆக, உண்மையான கோலின்ஸ்கி என்றால் ஒரு காட்டு விலங்கு செத்திருக்கிறது. தோலுக்காகச் செத்தது, வால் அதில் உபரி என்று வியாபாரிகள் சொல்வார்கள். அதை நம்புவதா என்பதைக் கீழே பேசுகிறேன். உங்கள் விஷயத்தில் ஒன்று மட்டும் உறுதி: எண்பது, நூறு ரூபாய்க்கு ‘சேபிள்’ என்று கொடுத்தால் அது கோலின்ஸ்கியாக இருக்க வழியே இல்லை. சாயம் ஏற்றிய மாட்டு முடியாகவோ நைலானாகவோ இருக்கும். அல்லது யாரும் பெயர் சொல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும். அந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அது கீரி முடி. நான் ஏறத்தாழ இருபது வருடம் அதில்தான் வேலை செய்தேன். கடையில் பெயர் சொல்ல மாட்டார்கள். “ஸ்பெஷல் முடி, உங்களுக்காக எடுத்து வைத்தேன்” என்று ஒரு தாளில் சுற்றி நாலைந்து பிரஷ் தருவார்கள். மாதா சுரூபத்தின் கண்ணுக்கு இமைமுடி வரைவதென்றால், முதல் தொடுகை கனமாக ஆரம்பித்து நுனியில் காற்றாகக் கரைய வேண்டும். அழித்து வரைந்தால் முகம் கெட்டுவிடும். அந்த ஜீரோ நம்பர் பிரஷை வளைத்துவிட்டால் சட்டென்று நிமிர்ந்து நின்றது. மணல்திட்டாகச் சொரசொரத்த சுவரில் எழுதினாலும் நுனி பிரியாது. எனக்கு அது கையில் இன்னொரு விரல் போல இருந்தது. அது என்ன முடி என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

2019 அக்டோபரில் வனவுயிர்க் குற்றத் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது, கேரளம் உட்பட. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷ்களும் 100 கிலோவுக்கும் மேல் கீரி முடியும் பிடிபட்டன. உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், இந்தியாவின் பிரஷ் தொழிலுக்கே பேர்போன ஊர். அங்கேயும் சோதனை நடந்தது. ஒரு கிலோ முடி சேர 50 கீரியாவது சாக வேண்டும் என்று இந்தக் குற்றங்களைக் கவனிக்கிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த 100 கிலோவுக்கு 5,000 கீரி. செய்தியைப் படித்துவிட்டு என் பெட்டியைத் திறந்து அந்தப் பிரஷ்களை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியும் ஒரே நிறமாக இல்லை. நுனி அடர்ந்த பழுப்பு, நடுவில் பாலேடு போன்ற வெளிர்நிறம், அடியில் சாம்பல். ஒரு முடியை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். சுருண்டு, முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, விரலில் தேய்த்தால் கரித்தூளாக உதிர்ந்தது. நைலான் என்றால் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டிருக்கும். எரித்துப் பார்ப்பது விலங்கு முடியா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், எந்த விலங்கு என்று சொல்லாது. அந்த மூன்று நிறப் பட்டைதான் கீரிக்குச் சாட்சி. அதுவும் சாயம் ஏற்றிவிட்டால் மறைந்துவிடும், அப்போது பரிசோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பு உண்டு. காலையில் ஒரு கீரி வரப்போடு ஓடிவந்து, நின்று, இரண்டு கால் தூக்கிப் பார்த்துவிட்டு, தொலிக் குப்பைக்குள் மூக்கை நுழைத்து எலியோ ஓணானோ தேடும். ஒருநாள் அது பாம்போடு மோதியதைக் கண்ணால் பார்த்தேன். உடம்பு முடியெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பாம்பு கொத்தியது பலமுறை வெறும் முடியில் போனது. கீரிக்கு விஷத்தைத் தாங்கும் வலு ஓரளவு உடம்பிலேயே உண்டு, ஆனாலும் அந்த விறைத்த முடிதான் அதற்கு முதல் கவசம். இமைமுடி வரையும்போது சட்டென்று நிமிர்ந்ததே, அது இந்த விறைப்புதான்.

கீரி விஷயத்தில் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச எனக்கு எதுவும் இல்லை. முடிக்காக யாரும் கீரி வளர்ப்பதில்லை. கண்ணியிலும் வலையிலும் பிடித்து, அடித்துக் கொன்று எடுப்பதுதான். இறைச்சிக்குக் கொன்றோம், முடி மிஞ்சியது என்ற சமாதானமும் இதற்குச் சொல்ல முடியாது. முடிக்குச் சந்தை இருக்கிறது என்பதால்தான் இந்த அளவுக்கு வேட்டை நடக்கிறது. இந்தியாவில் இருக்கும் ஆறு வகைக் கீரிகளுக்கும் 1972-ஆம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, 2002-க்குப் பிறகு அது இன்னும் இறுகியது. கொல்வது மட்டுமில்லை, அந்தப் பிரஷை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நம்பக் கூடாது. நான் என் பிரஷ்களை வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். வாங்கிய இளைஞர் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார். ஏழு பிரஷ். அந்த ஏழையும் எத்தனை வேலைக்குப் பயன்படுத்தினேன் என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினேன். வேட்டையாடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள், அவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். அவர்களைத் திட்டி என் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பிடித்ததை இருபது வருடம் காசு கொடுத்து வாங்கியவன் நான்.

இறைச்சிக்கோ தோலுக்கோ கொன்ற விலங்கின் முடி என்றால் என்ன செய்வது? இது உண்மையிலேயே சிக்கலான இடம். பன்றியை முடிக்காக யாரும் வளர்ப்பதில்லை, நாம் பிரஷ் வாங்காவிட்டாலும் அந்தப் பன்றி பிழைக்கப் போவதில்லை. இது ஒரு பக்கத்து நியாயம், எனக்கு அது ஓரளவு ஒப்புகிறது. இன்னொரு பக்கம், உபரியிலிருந்து வரும் காசும் கொல்கிறவரின் வருமானத்தில் சேர்கிறது. கோலின்ஸ்கி வால் முடி போல விலை ஏறிவிட்டால் அதை உபரி என்று சொல்வதில் அர்த்தம் குறைந்துவிடுகிறது. பன்றி முடியை மனம் உறுத்தாமல் கையில் எடுக்கிறேன், கோலின்ஸ்கியை எடுப்பதில்லை. இடையில் இருக்கும் அணில் முடியை, வாங்குகிறவர் எவ்வளவு விசாரித்தாலும் எந்தக் காட்டில் யார் பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன். இது என் கணக்கு. சைவம் என்பதை உண்பதோடு நிறுத்துகிற வீடும் உண்டு. அங்கே பட்டுச்சேலையும் மிருதங்கமும் இருக்கும், இரண்டுக்கும் உயிர் போயிருக்கிறது. உயிர் போன எதையும் தொடுவதில்லை என்று இருப்பவர்களும் உண்டு. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வழக்கம் இதில் எது என்று தெரிந்தால், பன்றி முடி, ஆட்டு முடி பற்றிய முடிவு உங்களுக்குத் தானாகக் கிடைத்துவிடும்.

நம் முன்னோர் எதில் வரைந்தார்கள் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது, அதன் உப்பரிகை மாளிகை மேல்மாடிச் சுவர் முழுக்க ஓவியம். அந்த மரபில் வரைகிறவர்கள் எய்யம்புல்லு என்று மலையாளத்தில் சொல்லும் ஒருவகைப் புல்லிலும் தூரிகை கட்டுவார்கள், கன்றின் காது முடியிலும் கட்டுவார்கள். 16-ஆம் நூற்றாண்டுச் சிற்ப, ஓவிய சாஸ்திர நூலான சில்பரத்னமும் கன்றின் காது முடியைச் சொல்கிறது, ஆட்டின் அடிவயிற்று முடியையும் சொல்கிறது. கன்றின் காதில் நாலு முடி கத்தரித்தால் கன்று தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி பால் குடிக்கப் போய்விடும். நானே எடுத்துக் கட்டிப் பார்த்திருக்கிறேன். நுனி நன்றாக நிற்கிறது, ஆனால் ஒரு பிரஷுக்குத் தேவையான முடி சேரப் பொறுமை வேண்டும். என் சிறுவயதில் வீட்டுக்கு வெள்ளை அடிக்கக் கைதை விழுதைத்தான் எடுப்பார்கள். அன்னாசியைக் கைதச்சக்கை என்கிறோமே, அந்தக் கைதை, வெளியூரில் தாழை என்பார்கள். ஆற்றோரத்தில் ஒரு முழம் விழுது வெட்டிவந்து, நுனியைக் கல்லில் வைத்து அப்பா சதைப்பார். உள்ளிருக்கும் சோற்றுப்பகுதி உதிர்ந்து வெள்ளை நார் பிரியும். அது சுண்ணாம்புப் பாலை உறிஞ்சிக்கொண்டு சுவரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இவையெல்லாம் நல்ல வழிதான், ஆனால் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நாளைக்கே உதவாது. அதற்கு நைலான்தான்.

நைலான் நூலில் முதலில் விற்பனைக்கு வந்ததே பிரஷ்தான், 1938-இல் அமெரிக்காவில் பல்துலக்கும் பிரஷாக. அதற்குமுன் பல்துலக்கவும் பன்றி முடிதான். ஓவிய பிரஷில் நைலான் நீண்டகாலம் மட்டமாகத்தான் இருந்தது. இப்போது நுனியை முடி போலவே மெலிதாக்கி வரும் ‘டாக்லான்’ போன்ற செயற்கை நார் வகைகள் நன்றாக இருக்கின்றன. குறையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரைக் குறைவாகப் பிடிக்கும், அடிக்கடி தொட வேண்டும். வருடக்கணக்கில் வராது, நுனி ஒரு பக்கமாக வளைந்துவிடும். அது பிளாஸ்டிக்தான், தூக்கிப் போட்டால் மட்காது. இந்தக் கடைசிக் குறையை நான் சிறிதாக நினைக்கவில்லை, ஆனால் சில கிராம் பிளாஸ்டிக்கையும் ஒரு கீரியின் உயிரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. அக்ரிலிக் வண்ணத்துக்கு நைலான் பொருத்தமும்கூட. அக்ரிலிக் அடியில் காய்ந்து முடி பிரஷைச் சீக்கிரம் கெடுத்துவிடும். போன வருடம் ஒரு அந்தோணியார் சுரூபத்துக்கு முழுக் கண்ணையும் நைலான் ஜீரோவில்தான் எழுதினேன். முன்பு ஒரு இமைமுடிக்கு ஒருமுறை தொட்டது, இப்போது இரண்டுமுறை தொட வேண்டியிருந்தது. சுரூபத்தைப் பார்த்து யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மகளுக்கு என்ன வாங்குவது என்றால், ‘சிந்தெடிக்’ என்று தெளிவாக அச்சிட்ட ரவுண்ட் பிரஷில் 2, 6, 10 மூன்றும், ஒரு அங்குல ஃபிளாட் ஒன்றும் போதும். ‘நேச்சுரல் ஹேர்’ என்று மட்டும் எழுதி விலங்கின் பெயர் இல்லாததையும், தாளில் சுற்றித் தனியாக எடுத்துத் தருவதையும் வாங்காதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம், “சேபிள்தான் வேண்டுமா, மென்மையாக, கூர்நுனி நிற்கும் பிரஷ் போதுமா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது இரண்டாவதுதான், பழக்கத்தில் அந்தப் பெயர் வந்திருக்கும். வரைந்து முடித்ததும் பிரஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிற்க வைக்கக் கூடாது, நைலான் நுனி வளைவதே அதனால்தான். உள்ளங்கையில் கொஞ்சம் சோப்பு தேய்த்து, அடிவரை நிறம் வராமல் போகும்வரை கழுவச் சொல்லுங்கள். அப்புறம் ஈரத்தோடு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நுனியை மெதுவாக உருவிக் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிட வேண்டும்.